தண்ணீர்க் குழு

இதய மூலிகை ஆராய்ச்சி நிலையத்தின் முன்னால் ஒரு தோட்டம் உண்டு. ஒவ்வொரு செடிக்கும் முன்னால் செடியைவிடப் பெரிய பெயர்ப்பலகை நட்டிருக்கிறார்கள். பலகை நிழலில் வெயிலே படாமல் பாதிச் செடிகள் வெளுத்துப்போய் நிற்கும். யாரும் அதைப் பற்றி அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. பலகைகள் எல்லாம் நல்ல ஆரோக்கியத்தோடுதான் இருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தத் தோட்டத்தைத் தாண்டி உள்ளே போனவர், பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எந்த நடைமேடையில் நிற்கிறது என்று வேலைக்காலம் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தனை ஆயிரம் பேரிடம் பேசியவருக்குத் திரும்ப ஒருவரும் பதில் சொன்னதில்லை. பஸ் வராத நாட்களில் மட்டும் சிலர் சொன்னார்கள், அதை இங்கே எழுத முடியாது.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவரைத் தவிரச் சத்தம் போடுவது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். ஒரே மகள் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் கூப்பிடுவாள். போனைச் சமையல் மேடையில் மல்லாத்திப் போட்டுவிட்டு, "சொல்லுங்கப்பா, கேட்டுட்டுதான் இருக்கேன்" என்பாள். மகளின் முகத்தைவிட அவள் வீட்டு மேற்கூரையை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு மூலையில் ஈரம் கசிவதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னதே அவர்தான்.

தெருமுனை டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரஷர் எகிறிக் கிடக்கே. கோபம் அதிகமா வருமோ?" என்று கேட்டார்.

"யார்மேல கோபப்படறது டாக்டர்? வீட்ல ஆளே இல்லையே."

டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிலையத்தில் இலவசமாக மூலிகை மருந்து கொடுத்து ஆய்வு நடத்துகிறார்கள், போய்ப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

நிலையத்தின் கூடத்தில் இவரைப் போல இன்னும் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் மேடையேறினார். அவருக்குப் பின்னால் பெரிய திரையில் ஓர் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அவர் பேசப் பேச அது சற்று வேகமாகத் துடித்தது போலிருந்தது.

"மருதம்பட்டை இதயத்துக்கு நல்லதுன்னு நம்ம பெரியவங்க சொல்லியிருக்காங்க. அவங்க சொன்னா போதுமா? போதாது. நாம சொல்லணும். அதுல டானின் இருக்கு, ஃபிளேவனாய்டு இருக்கு, இன்னும் வாயில நுழையாத பல பொருள் இருக்கு. அது உங்க ரத்தக் குழாயில போய் என்ன பண்ணுதுன்னு கண்டுபிடிக்கத்தான் இந்த நிலையம். பலன் இருக்குன்னு ஏற்கெனவே முடிவு பண்ணிட்டோம். இனிமே ஆராய்ச்சி பண்ண வேண்டியதுதான் பாக்கி."

எல்லோரும் கை தட்டினார்கள். அறிவிப்பாளர் எழுந்து, "சார், மருந்து கசக்குமா?" என்று கேட்டார்.

"கசப்பு வேற துறை" என்றார் இயக்குநர்.

ஆய்வு இப்படித்தான். வந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு மருதம்பட்டைச் சாறு. இன்னொரு குழுவுக்கு அதே நிறத்தில், அதே கசப்பில், மருந்தே இல்லாத வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று குடிப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. கடைசியில் பட்டைக் குழுவுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்க வேண்டும், தண்ணீர்க் குழு அப்படியே கிடக்க வேண்டும். அப்போதுதான் மருந்து ஜெயித்ததாக அர்த்தம்.

செவ்வாய்தோறும் வந்து அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்ப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த அறைக்குப் போட்டிருந்த நர்ஸம்மா சும்மா உட்காரத் தெரியாத பிறவி. முதல் நாளே, "அண்ணே, மழையில நனைஞ்சா ஸ்கூட்டர் ஏன் மக்கர் பண்ணுது?" என்று ஆரம்பித்துவிட்டார்.

அறிவிப்பாளருக்கு ஸ்கூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவரிடம் யாரோ ஒரு கேள்வி கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றார். அந்த வாரம் முழுக்க மெக்கானிக் கடை மெக்கானிக் கடையாக ஏறி இறங்கினார். ஸ்கூட்டர் எங்கே என்று கேட்டவர்களிடம், "ஸ்கூட்டர் இல்லை, சந்தேகம் மட்டும்தான்" என்று சொல்லித் திட்டு வாங்கினார். அடுத்த செவ்வாய் போய் ஸ்பார்க் பிளக்கைப் பற்றி மூச்சுவிடாமல் விளக்கினார். ஸ்கூட்டர் சனிக்கிழமையே சரியாகிவிட்டிருந்தது. நர்ஸம்மா அதைச் சொல்லாமல் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து செவ்வாய்க்கிழமை என்பது அவருக்கு வேறு ஒரு கிழமையாகிவிட்டது. காலையிலேயே சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார். மாடிவீட்டுக்காரர் நாய் வாங்கியது, தண்ணீர்க் குழாயில் காற்று வந்தது, பேப்பரில் படித்த திருட்டு என்று வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததையெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் கொட்டுவார். நர்ஸம்மாவும் தன் பங்குக்கு மாமியாரைப் பற்றிக் கொட்டுவார். ஐந்து நிமிடம் பல நாள் அரைமணியானது.

அழுத்தம் மளமளவென்று இறங்கியது.

நிலையம் பூரித்துப்போனது. நன்கொடையாளர்கள் வந்தபோது இயக்குநர் அவரைக் கூப்பிட்டுச் சட்டைக் கையை மடிக்கச் சொன்னார். "இந்தக் கையைப் பாருங்க. மருதம்பட்டையின் வெற்றி இந்தக் கையிலதான் எழுதியிருக்கு" என்றார். அவர்கள் குனிந்து பார்த்தார்கள். கையில் பழைய கொசுக்கடி ஒன்றுதான் இருந்தது, அதையும் மரியாதையோடு பார்த்தார்கள். புகைப்படக்காரர் கையை மட்டும் தனியாகப் படமெடுத்தார். அடுத்த வாரம் வாசலில் அந்தக் கை ஆள் உயரத்துக்குத் தொங்கியது. கைக்குச் சொந்தக்காரரை வாட்ச்மேன் அடையாள அட்டை கேட்டு நிறுத்திவைத்தார்.

பிறகுதான் வினை வந்தது. பாதி ஆய்வு முடிந்ததும் இடைக்காலக் கணக்குப் பார்ப்பதற்காக, யார் எந்தக் குழு என்று புள்ளிவிவரக்காரர் பிரித்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. வாசலில் தொங்கிய கை தண்ணீர்க் குழுவைச் சேர்ந்தது. அதுமட்டுமில்லை, தண்ணீர்க் குழுவில் எல்லோருக்குமே இறங்கியிருந்தது. பட்டைக் குழுவுக்கும் அதே அளவு இறங்கியிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் அளவு வித்தியாசம்கூட இல்லை.

இயக்குநர் ஆளனுப்பினார். "நீங்க குடிச்சது வெறும் தண்ணி" என்றார், ஏதோ இவர் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டது போல.

"நீங்க குடுத்ததுதானே சார் குடிச்சேன்."

"குடிச்சது தப்பில்லை. குணமானது தப்பு. இப்ப உங்களுக்கு விஷயமும் தெரிஞ்சுபோச்சு, அது ஆய்வுக்குக் கெடுதல். அதனால தெரியாதுன்னு எழுதிக் குடுத்துடுங்க."

"என்ன தெரியாதுன்னு எழுதணும் சார்?"

"அதைத்தான் எழுதக் கூடாது."

தலையும் புரியாமல் வாலும் புரியாமல் எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுக்காவிட்டால் செவ்வாய்க்கிழமை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு.

தண்ணீரில் எப்படிக் குணமாகும்? விசாரணைக் குழு ஒன்று உட்கார்ந்தது. அதன் தலைவர் தாவரவியல் படித்தவர், மனிதர்களைச் சற்று வளர்ந்த செடிகளாகவே பார்த்துப் பழகியவர்.

"வீட்ல பூண்டு சாப்பிடுறீங்களா?"

"எப்பவாவது சாப்பிடுவேன் சார்."

"எத்தனை பல்லு?"

"பல்லை எண்ணியா யாராவது சாப்பிடுவாங்க?"

"நாங்க எண்ணுவோம். செம்பருத்திப் பூ, வெந்தயம்? பக்கத்து வீட்ல மரம் எதுவும் இருக்கா? காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வீசும்?"

பதில்களில் திருப்தியில்லாமல் கையுறை மாட்டிய மூன்று பேர் வீட்டுக்கே வந்தார்கள். சமையலறை ஜன்னலில் காப்பித்தூள் பாட்டிலில் வைத்திருந்த மணிபிளாண்டைப் பார்த்ததும் மூவரும் ஒருவரையொருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். வேரோடு எடுத்து உறைக்குள் போட்டார்கள்.

"சார், அது என் சம்சாரம் வெச்சது."

"நல்லதாப் போச்சு. அவங்ககிட்ட ரெண்டு கேள்வி கேக்கணும், வரச் சொல்லுங்க."

"அவங்க இல்லை சார்."

"எப்ப வருவாங்க?"

"இனிமே வர மாட்டாங்க."

'குடும்பத்தார் ஒத்துழைக்க மறுப்பு' என்று குறித்துக்கொண்டு போனார்கள். செடியை அரைத்துப் பார்த்துவிட்டுக் கடிதம் போட்டார்கள். அதனால் இதயத்துக்கு எவ்விதப் பயனும் இல்லை, ஆகவே வருத்தப்படத் தேவையில்லை என்று இருந்தது. பாட்டிலை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். என்னிடம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனே என்று அறிவிப்பாளர் நினைத்துக்கொண்டார். அன்று முழுக்க அந்த ஜன்னல் பக்கம் போக அவருக்கு மனசு வரவில்லை.

கடைசியில் அறையில் இருந்த கேமராதான் காட்டிக் கொடுத்தது. நர்ஸம்மா பேசுவது, இவர் பேசுவது, இருவரும் சிரிப்பது எல்லாம் அதில் இருந்தது. மற்றவர்களிடமும் நர்ஸம்மா அப்படியே பேசியிருந்தார். இரண்டு குழுவுக்கும் சேர்ந்து இறங்கியது எப்படி என்று விசாரணைக் குழுவுக்கு விளங்கிவிட்டது.

தலைவர் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார். "பேச்சு என்பது ஒரு கலப்படம். பாலில் தண்ணீர் கலந்தால் விடுவோமா? இங்கே தண்ணீரிலேயே பேச்சைக் கலந்திருக்கிறார்கள். இங்கு வருகிறவர்கள் குணமாவதில் எங்களுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. ஆனால் எங்கள் அனுமதி இல்லாமல் குணமாகக் கூடாது."

அடுத்த செவ்வாய் அறிவிப்பாளர் போனபோது அறைக்கு நடுவில் பிளைவுட் தடுப்பு அடித்திருந்தார்கள். அதில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. இந்தப் பக்கம் இவரும் ஒரு கண்காணிப்பாளரும், அந்தப் பக்கம் நர்ஸம்மா. 'பேசாதீர்கள், இதயம் வேலை செய்கிறது' என்று பலகை தொங்கியது.

அவர் ஓட்டைக்குள் கையை விட்டார். கை ஒன்றுதான் உள்ளே போனது, மற்றபடி முழு ஆளும் வெளியே நின்றார். அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிய விரல்கள் யாருடையவை என்று தெரிந்தது. சுற்றி முடித்ததும் அந்த விரல்கள் மணிக்கட்டை லேசாகத் தட்டின. கண்காணிப்பாளர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் நர்ஸம்மாவுக்குத் தடித்த கையுறை கொடுத்துவிட்டார்கள். கூடவே, மணிக்கட்டு அளவெடுக்க வேண்டிய இடம் அல்ல என்று ஒரு குறிப்பும்.

அப்போதும் அவர் செவ்வாய்தோறும் சவரம் செய்துகொண்டு போனார். சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டைவரை வந்து நின்றது. மாடிவீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. மகள் வீட்டுக் கூரையை ஒரு வழியாகச் சரிசெய்துவிட்டார்கள், இப்போது அதில் பார்ப்பதற்குக்கூட ஒன்றுமில்லை. ஒருநாள் இதையெல்லாம் ஃபிரிட்ஜிடம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். தனியாக இருப்பது அவருக்குப் பழகியிருந்தது. ஒருத்தி காது கொடுத்துக் கேட்ட பிறகு தனியாக இருப்பதுதான் அவரால் முடியவில்லை.

அழுத்தம் ஏறியது. பழைய இடத்துக்கு வந்து, அதையும் தாண்டிப் போனது. பட்டைக் குழுவுக்கும் ஏறியது. ஆனால் தண்ணீர்க் குழுவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஏறியது. அந்த 'இன்னும் கொஞ்சம்' என்பதற்காகத்தான் நிலையம் இத்தனை காலமாகத் தவம் கிடந்தது. புள்ளிவிவரக்காரரை இயக்குநர் கட்டிப்பிடித்துக்கொண்டாராம்.

வெற்றி விழா அதே கூடத்தில் நடந்தது. அறிவிப்பாளரை மேடையேற்றி, கழுத்தில் மாலை போட்டார்கள். படியேறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"இவர் மட்டும் ஒழுங்காக இறங்கிக்கொண்டே போயிருந்தால் நம் கதி என்ன?" என்று இயக்குநர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "மருந்தைக் குடித்து நமக்கு உதவியவர்கள் பலர். மருந்து இல்லாமல், நோயை விடாப்பிடியாகக் காப்பாற்றி உதவியவர் இவர். இவருடைய அழுத்தம் நம் நிலையத்தின் சொத்து. ஐயா, உங்களுக்கு என்ன வேணும்? கூச்சப்படாம கேளுங்க. வாழ்நாள் முழுக்க அசல் பட்டைச் சாறு தரட்டுமா?"

ஒலிவாங்கியைக் கையில் வாங்கியதும் பழக்கதோஷத்தில், "பயணிகள் கவனத்திற்கு" என்று அவர் வாயில் வந்துவிட்டது. கூட்டம் சிரித்தது. அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"எனக்குச் சாறு வேண்டாம் சார். தண்ணியே குடிச்சுக்கறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் வந்து, அந்த நர்ஸம்மாகூட அஞ்சு நிமிஷம் பேசிட்டுப் போறேன். அது போதும்."

கூட்டம் இயக்குநரின் முகத்தைப் பார்த்தது. பிறகு இயக்குநர் கை தட்டினார், அதனால் எல்லோரும் தட்டினார்கள்.

"அருமையான யோசனை! ஆனா ஒண்ணு யோசிங்க. மருதமரத்தையே வெட்டி ஒருத்தர் வீட்ல கொண்டுபோய் இறக்குறோமா? இல்லையே. அதுல வேலை செய்யற பொருள் எதுவோ, அதை மட்டும் பிரிச்சு எடுக்கறோம், புட்டியில அடைச்சுக் குடுக்கறோம். நர்ஸம்மாவையும் அப்படியே தூக்கிக் குடுக்க முடியாது. அவங்க பேச்சுல வேலை செய்யற பொருள் எதுன்னு பிரிச்சு எடுப்போம். எடுத்து உங்க வீட்டுக்கே அனுப்பி வெப்போம். நீங்க இவ்வளவு தூரம் வரவே வேண்டாம்!"

"வரணும் சார். எனக்கு வரணும்" என்றார் அவர். ஒலிவாங்கியை அதற்குள் வாங்கிவிட்டிருந்தார்கள்.

சாரம் எடுக்கும் வேலை அமளிதுமளியாக நடந்தது. நர்ஸம்மாவின் பேச்சையெல்லாம் பதிவுகளிலிருந்து எடுத்துத் தனித்தனியாகப் பிரித்தார்கள். ஸ்கூட்டரை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டினார்கள், யாருக்கும் எதுவும் இறங்கவில்லை. மாமியாரைப் போட்டார்கள், கேட்டவர்களில் பாதிப் பேருக்கு ஏறிவிட்டது. சிரிப்பைப் பிரித்தெடுக்கப் பார்த்தார்கள், அது தனியாக நிற்க மறுத்தது. தேவையில்லாததையெல்லாம் வடிகட்டிக்கொண்டே போனபோது அடியில் ஒன்று தங்கியது. அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போது நர்ஸம்மா இடையிடையே கொட்டிய 'ம்'. எல்லாப் பதிவிலும் அது இருந்தது. அதுதான் வேலை செய்யும் பொருள் என்று குழு ஏகமனதாக முடிவெடுத்தது.

நர்ஸம்மாவைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, தொண்டை கட்டும்வரை 'ம்' சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார்கள். யாரிடம் சொல்வது என்று அவர் கேட்டாராம். சுவரைப் பார்த்துச் சொன்னால் போதும் என்றார்களாம். முடிந்ததும் தூரத்து ஊர்க் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். சாரம் எடுத்த பட்டையை நிலையத்தில் வைத்துக்கொள்கிற வழக்கம் இல்லை.

இதெல்லாம் தெரியாமல் அடுத்த செவ்வாய் போய் நின்ற அறிவிப்பாளரை வாட்ச்மேன் வாசலிலேயே நிறுத்தினார்.

"உங்க ஆய்வு முடிஞ்சுபோச்சு சார். உள்ள விடக் கூடாதாம்."

"நர்ஸம்மாவைப் பாத்துட்டுப் போயிடறேன்பா."

"அவங்க போன வாரமே மாத்தலாகிப் போயிட்டாங்களே. ஸ்கூட்டரைக்கூட வித்துட்டாங்க. போறப்ப உங்ககிட்ட ஏதோ சொல்லச் சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "அதுக்குள்ள கண்காணிப்பாளர் வந்துட்டாரு சார். நான் காதைப் பொத்திக்கிட்டேன்."

நிலையம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. கூரியரில் ஒரு பெட்டி வந்தது. சோப்புப் பெட்டி அளவு, வெள்ளை நிறம், முன்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள். கூடவே ஒரு குறிப்பு. பெட்டியின் எதிரே அமர்ந்து பேசவும். பலன் தெரியாவிட்டால் தொடர்ந்து பேசவும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

அவர் அதை இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை சவரம் செய்துகொண்டார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்துப் பொத்தானை அழுத்தினார். எதிரில் உட்கார்ந்தார். எதைச் சொல்வது? தனக்குப் பேச்சுத் துணையாக இருந்த ஒருத்தி இப்போது இல்லை என்பதைத் தவிர அவரிடம் வேறு செய்தி இல்லை. அதையே சொல்லலாம் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

"ம்" என்றது பெட்டி. குரல் அந்த அம்மாவுடையதேதான்.

அவர் இன்னும் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.